ஓர் இலட்சம் ஒரு ரூபாயான மாதம்: ஒரு கடன் கோப்பின் நிகழ்வு ஆய்வு

“தம்பி, என் கடன் ஒரு ரூபாயாம். இப்பவே கட்டிடுறேன், ரசீதைப் போடுங்க.”

பத்தாந் தேதிச் சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை, மாலை ஐந்தரை மணி. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில், கூடியிருந்தார்கள். அப்படிக் கேட்ட அக்கா நீட்டிய கணக்குத் துண்டில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. கடன் தொகை 1.00, இந்த மாத வட்டி 0.01. காம்பரா முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துண்டுக்குப் பின்னால் இருந்த கோப்பை எழுதியது என்னுடைய நிரல்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிசன்களுக்கும் பொதுவான சிறு சேமிப்புச் சங்கம் அது. பெயர் இங்கே தேவையில்லை. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பிறந்து வளர்ந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு) அங்கேதான் என்பதால் சங்கத்தின் கொம்பியூட்டர் வேலை என் தலையில் விழுந்தது. வேலை போகும் வழி இதுதான்: பொருளாளர் அக்கா பேரேட்டில் கையால் எழுதுவார். அதைப் பார்த்து நான் எக்செலில் ஏற்றுவேன். மாத முடிவில் ஆர் மொழியில் எழுதிய ஒரு நிரல் அதை வாங்கி, சரிபார்த்து, டெக்ஸ்ட் கோப்பாக எழுதும். அந்தக் கோப்பு பென் டிரைவில் ஏறி டவுனுக்குப் போகும். அங்கே ஒரு கணக்கு மென்பொருள் அதை உள்வாங்கி ஒவ்வோர் உறுப்பினருக்கும் துண்டு அச்சடிக்கும்.

ஆர் என்பது புள்ளியியலுக்கென்றே உருவான மொழி. 1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் தொடங்கிய வேலை. அறுபத்து நான்கு கடன்களைக் கூட்டிக் கழிக்க அவ்வளவு பெரிய கருவி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம்தான். எனக்குத் தெரிந்தது அது ஒன்று. கம்பஸில் படித்ததை மறக்காமல் வைத்திருக்க இப்படி ஏதாவது வேண்டியும் இருந்தது.

கடைசியில் வந்த 23

முதல் சந்தேகம் டவுன் மென்பொருள் மேல்தான் போனது. நம்முடைய நிரல் பல மாதமாக ஒழுங்காக ஓடியது, கோப்பு எழுதும் வரிகளில் நான் கை வைக்கவே இல்லை, அப்படியென்றால் பிழை அங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிழையின் நூலைப் பிடித்தவர் பொருளாளர் அக்கா. அச்சடித்து வந்த பட்டியலின் கீழே மொத்தக் கடன் 2,250,023 என்றிருந்தது. அவருடைய பேரேட்டில் 4,550,000. நான் வித்தியாசத்தைக் கணக்கிடத் தொடங்கினேன். அவர் தடுத்தார்.

“வித்தியாசம் கிடக்கட்டும் தம்பி. கடைசியில இந்த இருபத்து மூணு எங்கேயிருந்து வந்துச்சு? நம்ம சங்கத்துல எல்லாக் கடனும் இருபத்தஞ்சாயிரக் கணக்குலதானே குடுக்குறோம்?”

சரிதான். 25,000, 50,000, 75,000, ஒரு இலட்சம், ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம். இதைவிட்டு வேறு தொகையே சங்கத்தில் இல்லை. இவற்றை எப்படிக் கூட்டினாலும் கடைசியில் 23 வராது. காம்பராவின் மேசை விளக்குக்குக் கீழே பேரேட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் புள்ளி போட்டுக்கொண்டு போனோம். 44 கடன்கள் சரி. 20 பிழை. பிழையானவற்றில் 17 பேருடையது ஒரு இலட்சம், துண்டில் 1. மூன்று பேருடையது இரண்டு இலட்சம், துண்டில் 2. பதினேழும் ஆறும் இருபத்து மூன்று. 23 இலட்சம் 23 ரூபாயாகச் சுருங்கியிருக்கிறது.

ஒன்றரை இலட்சம் வாங்கிய இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் என்னைக் குழப்பியது. பெரிய தொகை என்பதால் பிழையானது என்றால் அவர்களுடையதும் பிழையாகியிருக்க வேண்டும். பூச்சியங்கள் வெட்டுப்பட்டன என்றால் 50,000 வெறும் 5 ஆகியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

திரையில் ஒன்று, கோப்பில் ஒன்று

லெப்டொப்பைத் திறந்து நிரலை ஓட்டி, எழுதப்போகும் அட்டவணையைத் திரையில் பார்த்தேன். கடன் நெடுவரிசையில் 100000, 75000, 150000, 200000 என்று எல்லாம் முழுதாக, வரிசையாக நின்றன. பிழை நம்முடையது இல்லை என்று அக்காவிடம் சொல்லியும் விட்டேன். (அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்க ஒரு கோப்பை பிளேன்டீ செலவானது.)

அப்புறம் கோப்பையே நோட்பேடில் திறந்தேன். இதை முதலில் செய்திருக்க வேண்டும். ஒரு இலட்சம் இருக்க வேண்டிய இடங்களில் 1இ+05 என்று இருந்தது, அந்த இ ஆங்கில எழுத்து. இரண்டு இலட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 2இ+05. விஞ்ஞானக் குறியீடு: ஒன்றைப் பத்தின் ஐந்தாம் அடுக்கால் பெருக்கு என்று அர்த்தம். கணித ஆசிரியனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கணக்கு மென்பொருளுக்குத்தான் யாரும் சொல்லித் தரவில்லை. முழு எண் வர வேண்டிய இடத்தில் அது இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறது, இலக்கம் அல்லாத ஒன்று வந்ததும் நின்றுவிடுகிறது. 1 வாசித்தது, எழுத்தைக் கண்டது, நின்றது. ஜாவாஸ்கிரிப்டில் பார்ஸ்இன்ட் என்று ஒரு கட்டளை உண்டு, அதனிடம் இதே எழுத்துகளைக் கொடுத்தாலும் 1 என்றுதான் பதில் வரும்.

ஆர் ஏன் அப்படி எழுதியது? அதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஒரு எண்ணை எழுதும் முன் அது இரண்டு வடிவங்களின் நீளத்தையும் எண்ணிப் பார்க்கும். 100000 என்பதற்கு ஆறு இடம் வேண்டும், 1இ+05 என்பதற்கு ஐந்து. குறுகியது வென்றது. 150000 என்றால் விஞ்ஞான வடிவம் 1.5இ+05, ஏழு இடம். முழு வடிவம் ஆறு. எனவே முழு வடிவம் வென்றது. ஒன்றரை இலட்சக்காரர்கள் தப்பிய இரகசியம் அந்தப் புள்ளியும் ஐந்தும்தான். 50000 என்றால் இரண்டு வடிவத்துக்கும் ஐந்தைந்து இடம். சமமாக வந்தால் முழு வடிவத்தையே எழுதும்.

சரி, திரையில் மட்டும் ஏன் ஒழுங்காகத் தெரிந்தது? இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டு இரவுகள் போயின. திரையில் காட்டும்போது ஆர் முழு நெடுவரிசைக்கும் சேர்த்து ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும். நெடுவரிசையில் எங்கோ ஒரு 150000, 75000 அல்லது 25000 இருந்தால், விஞ்ஞான வடிவத்தில் எல்லாவற்றுக்கும் 1.5இ+05 போல ஏழு இடம் ஒதுக்க வேண்டி வரும். முழு வடிவத்தின் ஆறு இடம் அதைவிடக் குறைவு என்பதால் எல்லாம் முழுதாக வரும். கோப்பில் எழுதும்போது அப்படி இல்லை. கோப்பை எழுதும் கட்டளையான ரைட்.டேபிள் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக எடுத்து, அந்த ஒரு எண்ணுக்கு எது குறுகியதோ அதை எழுதும். ஒன்றரை இலட்சம், 75,000, 25,000 வாங்கியவர்கள் திரையில் மற்ற எல்லோருடைய மானத்தையும் காப்பாற்றினார்கள். கோப்பில் அவரவர் பாடு அவரவருக்கு.

இதைச் சோதிக்க, 50000, 100000 என்று இரண்டே எண்களை மட்டும் தட்டிப் பார்த்தேன். திரையிலேயே 5இ+04, 1இ+05 என்று வந்தது. நம் சங்கத்தில் 25,000, 75,000 என்ற கடன் வகைகளும் ஒன்றரை இலட்சமும் இல்லாமல் இருந்திருந்தால், முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும்.

போன மாதம் ஏன் வரவில்லை

எழுதும் வரிகளை நான் மாற்றவில்லை என்று சொன்னது உண்மை. மாற்றியது வாசிக்கும் வரியை.

அதுவரை எக்செலில் இருந்து சிஎஸ்வி-யாக (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து, அதை ரீட்.சிஎஸ்வி கொண்டு வாசிப்பேன். ஒரு நெடுவரிசையில் எல்லாமே முழு எண்களாக இருந்தால் அந்தக் கட்டளை அதை ‘இன்டீஜர்’ வகையாக எடுத்துக்கொள்ளும். இன்டீஜரை ஆர் எப்போதும் இலக்கம் இலக்கமாகவே எழுதும், நீளப் போட்டி கிடையாது. அந்த மாதம், நடுவில் ஒரு படி குறையட்டும் என்று ரீட்எக்செல் தொகுதியைப் போட்டு எக்செல் கோப்பையே நேராக வாசிக்கவைத்தேன். அது எந்த எண்ணையும் தசம எண் வகையாகவே தரும், 100000 ஆனாலும் சரி, 3 ஆனாலும் சரி. தசம எண் என்று ஆனவுடன் நீளப் போட்டி தொடங்கிவிடும். பிழை வெளியே வந்த வாசல் ஒன்று, உள்ளே போன வாசல் வேறொன்று. நான் வெளிவாசலிலேயே டோர்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

இது யாருடைய குற்றம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். ஆர் எழுதியது கணிதப்படி சரியான எண். டவுன் மென்பொருள் சந்தேகமான கட்டத்தைக் கண்டு ‘இது எண் இல்லை’ என்று கத்தியிருக்க வேண்டும், பேசாமல் 1 என்று எடுத்துக்கொண்டது அதன் மோசமான குணம். ஆனால் அனுப்பும் முன் கோப்பைத் திறந்து பார்க்காதது நான்தான், அதையும் சொன்னேன்.

திருத்தம், முதல் தடவையும் இரண்டாம் தடவையும்

முதல் திருத்தமும் சொதப்பியது. ஃபார்மட் கட்டளைக்கு சயன்டிஃபிக் = ஃபால்ஸ் என்று கொடுத்தால் முழு வடிவம் வரும் என்று தெரியும். கொடுத்தேன். வந்தது. ஆனால் அந்தக் கட்டளை எல்லா எண்களையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவர முன்னால் வெற்றிடம் சேர்க்கும். அத்தோடு எண்ணைச் சொல்லாக மாற்றிவிடும், சொல் என்றால் ரைட்.டேபிள் மேற்கோள் குறி போடும். ஆக, 75000 என்பது மேற்கோள் குறிக்குள் ஒரு வெற்றிடத்தோடு போய் நின்றது. மென்பொருள் இந்தத் தடவை கத்தியது, நல்லவேளை. ட்ரிம் = ட்ரூ என்று சேர்த்தால் வெற்றிடம் போகும், கோட் = ஃபால்ஸ் என்றால் மேற்கோள் குறி போகும். ஆனால் அப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒட்டுப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

நிரலின் தலையில் ஆப்ஷன்ஸ்(சைபென் = 999) என்று ஒரு வரி எழுதினால், விஞ்ஞான வடிவத்துக்கு 999 இடம் தண்டம் விதித்தது போல ஆகும். நீளப் போட்டியில் அது இனி வெல்லவே முடியாது. இதைப் போட்டு வைத்தோம். அதோடு, கடன் தொகை முழு ரூபாய் என்பதால் அந்த நெடுவரிசையை எழுதும் முன் இன்டீஜராகவும் மாற்றுகிறேன். மாற்றும் முன் ரவுண்ட் செய்ய வேண்டும், அதாவது அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கணக்கிட்டு வந்த தொகை உள்ளுக்குள் 74999.9999999 என்று நின்றால், அதை அப்படியே மாற்றும்போது 74999 ஆகிவிடும். ஒரு ரூபாய்தானே என்று விட முடியாது, இந்தக் கதையே ஒரு ரூபாயில் தொடங்கியதுதான்.

இன்டீஜருக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2,147,483,647. சங்கம் அந்த அளவுக்கு வளரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஆர்வக்கோளாறில் அடையாள அட்டை இலக்கத்தையும் இன்டீஜராக்கப் போனேன். பன்னிரண்டு இலக்கம் அந்த வரம்பைத் தாண்டும், எல்லாம் என்ஏ, அதாவது ‘மதிப்பு இல்லை’, என்று வந்தது.

கோப்பைத் திறந்ததால் தெரிந்த மற்றவை

நோட்பேடில் திறந்த பிறகுதான் அந்தக் கோப்பின் பழைய புண்களும் கண்ணில் பட்டன. சிலதை முன்பே சந்தித்து, பூசி மெழுகி வைத்திருந்தேன்.

ஆரம்பத்தில் மூன்று டிவிசன்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் சேர்க்க ரைட்.சிஎஸ்வி கட்டளைக்கு அப்பெண்ட் = ட்ரூ (பழையதோடு சேர்த்து எழுது) என்று கொடுத்திருந்தேன். அந்தக் கட்டளை அப்பெண்டை ஏற்காது. ஓர் எச்சரிக்கை வரி சொல்லிவிட்டுப் பழையதை அழித்து எழுதும். எச்சரிக்கையை யார் வாசிக்கிறார்கள்? மூன்றாம் டிவிசன் மட்டும் மிஞ்சியது. ரைட்.டேபிளுக்கு மாறினால் அது சேர்த்து எழுதும், ஆனால் தலைப்பு வரியையும் ஒவ்வொரு தடவையும் சேர்த்து எழுதும். வரிசை எண்களையும் கேட்காமலே போடும், அதற்குத் தலைப்பு போடாது, தலைப்புகள் எல்லாம் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து நிற்கும். இப்போது மூன்றையும் முதலில் ஆர்பைண்ட் கட்டளையால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, வரிசை எண் வேண்டாம் என்று ரோ.நேம்ஸ் = ஃபால்ஸ் போட்டு, ஒரே தடவையில் எழுதுகிறேன்.

பெயர்கள் தனிக் கதை. சங்கத்தின் பழைய லெப்டொப்பில் விண்டோஸும் ஆரின் பழைய பதிப்பும் இருந்த காலத்தில், தமிழ்ப் பெயரை எழுதச் சொன்னால் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதன் யூனிகோட் இலக்கத்தை அடைப்புக்குள் எழுதி வைக்கும். ‘ம’ என்றால் <யு+0பிஏஇ>. ‘முத்துலெட்சுமி’ என்ற பெயர் ஒரு வரியைத் தாண்டிப் போகும். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில் இருந்து, புதிய விண்டோஸில் ஆர், எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கக்கூடிய யுடிஎஃப்-8 முறையையே தன் சொந்த முறையாக எடுத்துக்கொண்டது. பதிப்பை மாற்றியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

தீர்ந்தது என்று நினைத்தேன். பொருளாளர் அக்கா கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தார். பெயர் நெடுவரிசை முழுக்கத் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மீண்டும் அதே ஏ. யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அந்த மூன்றையும் எக்செல் மூன்று தனி ஆங்கில எழுத்துகளாக வாசித்ததால் எல்லாப் பெயர்களும் ஒரே மாதிரித் தொடங்கின. கோப்பின் தலையில் பாம் எனப்படும் மூன்று பைட் அடையாளம் இருந்தால் எக்செல் புரிந்துகொள்ளும். ஆரின் ரீடர் தொகுதியில் உள்ள ரைட்_எக்செல்_சிஎஸ்வி கட்டளை அதைப் போட்டுத் தரும். ஆனால் டவுன் மென்பொருள் அந்த அடையாளத்தை முதல் தலைப்பின் ஒரு பகுதி என்று நினைத்து, ‘உறுப்பினர் எண் என்ற நெடுவரிசையே இல்லை’ என்றது. இப்போது இரண்டு கோப்புகள் எழுதுகிறேன், அக்காவுக்கு ஒன்று, மென்பொருளுக்கு ஒன்று. அழகான தீர்வு இல்லைதான், ஓடுகிறது.

அடையாள அட்டை இலக்கம் போனது இதைவிட மோசம், ஏனென்றால் அது திரும்பாத இழப்பு. ஒருவருடைய பெயரை நான் ‘லட்சுமி’ என்று அடித்திருந்தேன். அட்டையில் ‘லெட்சுமி’. அக்கா அதைத் திருத்த கோப்பை எக்செலில் திறந்து, ஒரே ஓர் எழுத்தை மாற்றி, சேமித்தார். 2016 முதல் வரும் புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம், முதல் நான்கும் பிறந்த ஆண்டு. எக்செல் அவ்வளவு நீளமான எண்ணைத் தானாகவே விஞ்ஞான வடிவத்தில் காட்டும், சிஎஸ்வி-யாகச் சேமிக்கும்போது காட்டியதையே எழுதும். முதல் ஆறு இலக்கத்துக்குப் பிறகு இருந்தது எல்லாம் போயிற்று. பழைய அட்டை வைத்திருக்கும் வயதானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களுடைய இலக்கத்தின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்து, அது எண் இல்லை என்று எக்செலுக்குச் சொல்லிவிட்டது. மற்றவர்களுடையதைப் பேரேட்டைப் பார்த்து மறுபடி அடித்தோம்.

அக்கா தயங்கிக்கொண்டே கேட்டார், “நான் தொட்டதாலதானே தம்பி?” இல்லை. திருத்தம் எக்செல் மூலத்தில்தான் நடக்க வேண்டும், எழுதிய கோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்று நான் சொல்லி வைக்கவே இல்லை. இப்போது அந்தக் கோப்பை வாசிக்க மட்டும் என்று பூட்டி வைக்கிறேன்.

இப்போது நடப்பது

கோப்பு எழுதி முடிந்ததும் நிரல் அதை மீண்டும் திறந்து, எல்லா நெடுவரிசையையும் வெறும் எழுத்தாகவே வாசிக்கிறது. கடன் நெடுவரிசையில் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களைத் தவிர வேறு எது இருந்தாலும், ஒரு காற்புள்ளியானாலும், நிரல் நின்றுவிடும். அடையாள அட்டை நெடுவரிசையில் பன்னிரண்டு இலக்கம், அல்லது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். இவ்வளவுக்கும் பதினைந்து வரிதான் எழுதினேன்.

இரண்டாவது சோதனை அக்காவுடையது. பென் டிரைவ் டவுனுக்குப் போகும் முன் ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு எண்களை எழுதி என்னிடம் தருவார்: எத்தனை கடன், மொத்தம் எவ்வளவு. இரண்டும் பேரேட்டைக் கூட்டி எடுத்தவை, கொம்பியூட்டரைப் பார்த்து எழுதியவை அல்ல. டவுனில் கோப்பு உள்ளே போனதும் மென்பொருள் காட்டும் மொத்தத்தை அந்தக் கடதாசியோடு ஒப்பிட்ட பிறகுதான் துண்டு அச்சடிப்பது. என் பதினைந்து வரிகளைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பிழையான துண்டுகளைத் திருப்பி வாங்கிப் புதியதைக் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது. இருபதில் பத்தொன்பது வந்து சேர்ந்தது. இருபதாவது, முதலில் ரசீது கேட்ட அந்த அக்காவிடம். மேல் லயத்துக்கு நானே ஏறிப் போய்க் கேட்டேன். புதிய துண்டை வாங்கி, 100,000.00 என்று இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

“பழசத் தாங்க அக்கா.”

“ஒரு ரூபா கட்டின ரசீதக் குடுங்க, தாறேன்.”